தசையின் வலுவிலிருந்து வீட்டு வாசல் வரை: மறுவாழ்வு மருத்துவத்தில் இயக்கத்திறன் அளவீட்டின் வரலாறு

பக்கவாதத்துக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்புகிறவரின் கோப்பில் பெரும்பாலும் ஓர் எண் இருக்கும்: பார்தெல் 65, அல்லது 80. துணைக்கு ஆள் வேண்டுமா, இயன்முறை சிகிச்சையை இன்னும் எவ்வளவு காலம் தொடர வேண்டும் என்பதெல்லாம் அந்த எண்ணை ஒட்டியே பேசப்படும். குடும்பத்தார் 100க்கு 65 என்றதும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். அந்த எண் அப்படி எதையும் சொல்லவில்லை. எங்கே, யாருடைய தேவைக்காக அது பிறந்தது என்று தெரிந்தால்தான் அது சொல்வது விளங்கும்.

மறுவாழ்வு மருத்துவத்தில் இயக்கத்தையும் அன்றாடச் செயல்திறனையும் அளக்கும் கருவிகள் 1912 முதல் இன்றுவரை வளர்ந்த வழியை இக்கட்டுரை பின்தொடர்கிறது. கொள்ளைநோய், போர், இழப்பீட்டுச் சட்டம், மருத்துவமனைச் செலவு என ஒவ்வொரு நெருக்கடியும் தனக்கேற்ற அளவுகோலை உண்டாக்கிக்கொண்டது; அந்த அளவுகோல் நெருக்கடி தீர்ந்த பிறகும் நிலைத்தது; முதலில் கேட்கப்பட்ட கேள்வி மட்டும் மறந்துபோனது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

புவியீர்ப்பு என்னும் இலவசக் கருவி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இளம்பிள்ளை வாதம் அலையலையாக வந்தது. பாஸ்டனில் எலும்பு மருத்துவராக இருந்த ராபர்ட் லவெட்டின் முன்னால் இருந்த சிக்கல் எளிமையானது, ஆனால் கடினமானது: இந்தக் குழந்தையின் தொடைத்தசை போன மாதத்தைவிடத் தேறியிருக்கிறதா? தாய் சொல்வதையும் மருத்துவரின் நினைவையும் தவிர வேறு சான்று இல்லை. லவெட்டிடம் பணியாற்றிய வில்ஹெல்மின் ரைட் 1912இல் எழுதிய கட்டுரையில் ஒரு வழியை முன்வைத்தார். தசை தன் உறுப்பைப் புவியீர்ப்புக்கு எதிராகத் தூக்க முடிகிறதா என்று பார்ப்பதே அந்த வழி. தூக்க முடிந்தால், மேலே கையால் அழுத்தம் கொடுத்துப் பார்ப்பது. முடியாவிட்டால், உறுப்பைப் படுக்கைவாட்டில் வைத்து எடையின் சுமையை நீக்கிப் பார்ப்பது. அதிலும் அசைவில்லையென்றால், விரலைத் தசைமேல் வைத்துத் துடிப்பாவது தெரிகிறதா என்று தேடுவது.

செலவில்லாத, எந்த ஊரிலும் மாறாத ஒன்றை அளவுகோலாக்கியதுதான் இந்த முறையின் மேதைமை. 1914இல் வெர்மான்ட் மாநிலத்தில் நோய் கடுமையாகப் பரவியபோது லவெட்டின் குழு ஊர் ஊராக முகாம் நடத்தி இதைப் பயன்படுத்தியது. கையழுத்தம் ஆளுக்கு ஆள் மாறுகிறதே என்ற கவலையில் வில்தராசு கொண்டு தசைவலுவை அளக்கும் முறையையும் லவெட் ஈ. ஜி. மார்ட்டினுடன் சேர்ந்து முயன்று பார்த்தார். அது பரவலாக நிலைக்கவில்லை, கையே நிலைத்தது. (1921இல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு வந்தது இளம்பிள்ளை வாதம் என்று கண்டறிந்தவரும் இதே லவெட்தான்.)

இரண்டாம் உலகப்போரில் நரம்பு அறுபட்ட வீரர்கள் குவிந்தபோது பிரிட்டனின் மருத்துவ ஆய்வுக் கழகம் 1943இல் வெளியிட்ட கையேடு இந்தத் தரங்களைப் பூஜ்யம் முதல் 5 வரையிலான எண்களாக்கியது. இன்று உலகெங்கும் நரம்பியல் வார்டுகளில் எழுதப்படும் எண் அதுவே. எண்ணாக மாறியபோது ஒரு சிக்கலும் கூடவே வந்தது. 3 என்பது புவியீர்ப்பை வெல்வது, 5 என்பது இயல்பான வலு; இடையில் இருக்கும் நீண்ட பரப்பு முழுவதும் 4 என்ற ஒரே எண்ணில் அடங்கிவிடுகிறது. ஒரு தம்ளர் தண்ணீரைத் தூக்குகிறவரும் ஒரு குடத்தைத் தூக்குகிறவரும் அங்கே சமம்தான். 4 மைனஸ், 4 பிளஸ் என்று மருத்துவர்கள் குறிப்பதெல்லாம் இந்த நெருக்கடியைச் சமாளிக்கத்தான்.

ஆனாலும் இந்த எளிய முறை பெரிய காரியங்களைச் செய்தது. 1954இல் இளம்பிள்ளை வாதத்துக்கான சால்க் தடுப்பூசியின் களச்சோதனையில் நோய் கண்ட குழந்தைகளின் பாதிப்பை மதிப்பிட இயன்முறை மருத்துவர்களின் தசைப் பரிசோதனையே துணைநின்றது. அதற்கும் முன்பே தமிழ்நாட்டில் இதற்கு ஒரு முக்கியமான பயன் கிடைத்திருந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராக இருந்த பால் பிராண்ட் 1947இல் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்கு ராபர்ட் காக்ரேனைக் காணச் சென்றார். விரல்கள் மடங்கிப்போன நோயாளிகளின் கைகளைத் தசை தசையாகச் சோதித்து அட்டவணையிட்டபோது ஓர் ஒழுங்கு தெரிந்தது: உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழந்திருந்தாலும் முன்கையின் வலுவான தசைகள் பலருக்கு அப்படியே இருந்தன. நல்ல தசையின் தசைநாரைச் செயலிழந்த இடத்துக்கு மாற்றிக் கட்டலாம் என்ற துணிவு அந்த அட்டவணையிலிருந்துதான் வந்தது. தொழுநோயில் கை அழுகி விழுவது விதி என்ற நம்பிக்கையைத் தகர்த்த தசைநார் மாற்று அறுவைகள் இதற்குப் பின் தொடங்கின. அளவீடு சிகிச்சையைப் பதிவு செய்வதோடு நிற்காமல் சிகிச்சையையே உருவாக்கியதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

கோணமும் காசும்

மூட்டின் அசைவைக் கோணமானியால் அளக்கும் பழக்கம் முதல் உலகப்போரின் ஊனமுற்ற வீரர்களோடு வலுப்பெற்றது. எந்த நிலையைப் பூஜ்யமாகக் கொள்வது என்பதில் நாட்டுக்கு நாடு குழப்பம் இருந்தது. கேவும் ராபர்ட்ஸும் 1936இல் வகுத்த முறையும், அமெரிக்க எலும்பு மருத்துவர்கள் அகாடமி 1965இல் வெளியிட்ட கையேடும் நேராக நிற்கும் உடலின் நிலையைப் பூஜ்யமாக நிலைநிறுத்தின.

இந்தக் காலத்து அளவீட்டின் பின்னால் நின்றவர் பெரும்பாலும் பணம் கொடுக்க வேண்டியவர்தான். இந்தியாவின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை உறுப்பு உறுப்பாக இழப்புக்குச் சதவீதம் போட்டது. அதன் பிந்தைய வடிவத்தில் கட்டைவிரல் இழப்புக்கு 30 சதவீதம். தச்சருக்கும் 30, காவலாளிக்கும் 30. சட்டத்துக்கு ஒரு நிலையான எண் தேவை, அதில் தவறில்லை. ஆனால் அந்த மனிதர் காலையில் எழுந்து என்ன செய்கிறார் என்ற கேள்வி அந்த அட்டவணையில் எங்கும் இல்லை.

மருத்துவமனையை விட்டுப் போவது யார்?

அந்தக் கேள்வியை முறையாகக் கேட்டவர்கள் நியூயார்க்கில் இருந்த ஜார்ஜ் டீவரும் மேரி எலினார் பிரவுனும். 1945இல் அவர்கள் வெளியிட்ட சிறுநூல் தினசரி வாழ்க்கை உடலிடம் எதிர்பார்க்கும் வேலைகளைப் பட்டியலிட்டது: கட்டிலில் புரள்வது, சட்டைப் பொத்தான் போடுவது, படியேறுவது, பேருந்தில் ஏறுவது. அன்றாடச் செயல்பாடுகள் என்ற கருத்தாக்கம் மறுவாழ்வு மருத்துவத்தில் வேரூன்றியது டீவரின் வழியாகத்தான். தசை எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று கேட்ட துறை, அந்தத் தசையை வைத்து மனிதர் என்ன செய்கிறார் என்று கேட்கத் தொடங்கியது இங்கேதான்.

அடுத்த இருபது ஆண்டுகளில் பட்டியல்கள் பெருகின. கிளீவ்லண்டின் பெஞ்சமின் ரோஸ் மருத்துவமனையில் சிட்னி காட்ஸின் குழு இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களைக் கவனித்து, 1963இல் குளித்தல், உடுத்தல், கழிப்பறை செல்லுதல், இடம் மாறுதல், மலசலக் கட்டுப்பாடு, உண்ணுதல் என்ற ஆறு செயல்களைக் கொண்ட குறியீட்டை வெளியிட்டது. முதுமையில் இவை போகும்போது கடினமானது முதலிலும் எளியது கடைசியிலும் போகும்; திரும்பி வரும்போது எளியது முதலில் வரும் என்றார் காட்ஸ். குழந்தை இவற்றைக் கற்றுக்கொள்ளும் வரிசையோடும் அதை ஒப்பிட்டார்.

காட்ஸின் குறியீட்டைப் போலவே நீண்ட ஆயுள் பெற்றது பால்டிமோரில் பிறந்த பட்டியல். மாண்டிபெல்லோ அரசு மருத்துவமனை நீண்டநாள் நோயாளிகளுக்கானது. அங்கே மருத்துவர் புளோரன்ஸ் மஹோனியும் இயன்முறை மருத்துவர் டொரோதியா பார்தெலும் 1955 முதல் பயன்படுத்தி வந்த அளவுகோலை 1965இல் மேரிலண்ட் மாநில மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். சிறிய மாநில இதழ். நான்கைந்து பக்கக் கட்டுரை. இன்று உலகின் பக்கவாத ஆய்வுகளில் மிக அதிகமாகக் கையாளப்படும் அளவுகோல்களில் அதுவும் ஒன்று.

பத்துச் செயல்கள், மொத்தம் 100. கட்டிலுக்கும் நாற்காலிக்கும் இடையே மாறுவதற்கு 15, நடப்பதற்கு 15, உண்பது, உடுப்பது, கழிப்பறை, படி, மலக்கட்டுப்பாடு, சிறுநீர்க்கட்டுப்பாடு ஒவ்வொன்றுக்கும் 10, குளிப்பதற்கும் முகம் கழுவித் தலை சீவுவதற்கும் தலா 5. குளிப்பதற்கு 5, நடப்பதற்கு 15 என்ற விகிதம் எங்கிருந்து வந்தது? நோயாளியின் விருப்பத்திலிருந்து வரவில்லை. ஒவ்வொரு செயலிலும் உதவியாளர் செலவிட வேண்டிய நேரத்தையும் உடலுழைப்பையும் வைத்து அந்த எடைகள் அமைந்தன. அதாவது பார்தெல் எண் அடிப்படையில் செவிலியர், உதவியாளர் உழைப்பின் அளவு. அதைத் தலைகீழாக எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். நீண்டநாள் நோயாளிகள் நிறைந்த அரசு மருத்துவமனைக்கு அதுதான் தெரிய வேண்டியிருந்தது: யாரை வீட்டுக்கு அனுப்பலாம், யாருக்கு ஆள் வேண்டும். முழு 100 பெற்றவரும் தனியாக வாழக்கூடியவர் என்று அர்த்தமில்லை, அவரால் சமைக்கவோ வீட்டை நடத்தவோ முடியாமல் இருக்கலாம் என்று ஆசிரியர்களே நேர்மையாக எச்சரித்திருந்தார்கள். அளவுகோல் பரவிய வேகத்தில் அந்த எச்சரிக்கை பரவவில்லை.

ஒரே 65 எப்படி இருவேறு வாழ்க்கையாகும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒருவர் சக்கர நாற்காலியில் தானே இடம்பெயர்கிறார், உண்கிறார், கட்டுப்பாடு முழுதாக இருக்கிறது. ஆனால் நடக்கவோ படியேறவோ தனியாகக் குளிக்கவோ முடியாது. மற்றவர் நன்றாக நடக்கிறார், உடுத்திக்கொள்கிறார். ஆனால் மலசலக் கட்டுப்பாடு அறவே இல்லை. பத்து வரிகளையும் கூட்டினால் இருவருக்கும் 65 வர முடியும். பக்கத்து வீட்டுத் திருமணத்துக்கு இவர்களில் யார் போவார், யார் வீட்டிலேயே இருந்துவிடுவார் என்பதை மொத்த எண்ணிலிருந்து சொல்ல முடியாது.

மருத்துவமனைக்கு வெளியே உள்ள வாழ்க்கையை 1969இல் பிலடெல்பியாவின் லாட்டனும் பிரோடியும் எட்டுத் தலைப்புகளில் பிடிக்க முயன்றார்கள்: தொலைபேசி, கடைக்குப் போதல், சமையல், வீட்டுப் பராமரிப்பு, துணி துவைத்தல், பயணம், மருந்து, பணம். பெண்களுக்கு எட்டும் உண்டு. ஆண்களுக்கோ சமையலும் வீட்டு வேலையும் துணி துவைப்பதும் நீக்கப்பட்டு ஐந்துதான். செய்யத் தெரியாததை இழக்க முடியாது என்ற தர்க்கம் அது. எந்தச் சமூகத்தில் எழுதப்பட்டதோ அந்தச் சமூகம் அளவுகோலுக்குள் அப்படியே குடியேறிவிடும் என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று வேண்டியதில்லை.

நிறுத்துக் கடிகாரம்

எழுபதுகளில் அளவீடு மீண்டும் உடலுக்குத் திரும்பியது, ஆனால் கூர்மையாக. பக்கவாதத்துக்குப் பின் கைகால் அசைவு ஓர் ஒழுங்கில் திரும்புகிறது என்று டுவிச்செல் 1951இல் காட்டியிருந்தார். சிக்னே புருன்ஸ்ட்ரோம் அதைப் படிநிலைகளாக்கினார். அந்த அடித்தளத்தில் சுவீடனின் கோத்தன்பர்க்கில் ஆக்சல் ஃபூகல்-மேயர் 1975இல் கைக்கு 66, காலுக்கு 34 என்று நூறு மதிப்பெண் கொண்ட சோதனையை அமைத்தார். இன்றைய ஆய்வுகளில் பக்கவாதத்துக்குப் பிந்தைய அசைவை அளக்க இதுவே முதன்மையானது.

இன்னொரு பக்கம் மிக எளிய சோதனைகள் வந்தன. அமெரிக்க விமானப்படையினரின் உடல்திறனைச் சோதிக்க கூப்பர் 1968இல் விவரித்த 12 நிமிட ஓட்டம், நுரையீரல் நோயாளிகளுக்காக 12 நிமிட நடையாகி, 1982இல் ஆறு நிமிடமாகச் சுருங்கியது. மூச்சு வாங்குகிறவரை 12 நிமிடம் நடக்கச் சொல்வது அவருக்கும் சோர்வு, சோதிப்பவருக்கும் சோர்வு. பெர்னார்ட் ஐசக்ஸின் குழு 1986இல் விவரித்த 'எழுந்து நட' சோதனையில் பார்வையால் ஐந்து தரம் கொடுத்தார்கள். மாண்ட்ரியலில் போட்சியாட்லோவும் ரிச்சர்ட்சனும் 1991இல் அதற்கு நிறுத்துக் கடிகாரத்தைக் கொடுத்தார்கள். கைப்பிடியுள்ள நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை வினாடி? ஒரு நாற்காலியும் ஒரு கடிகாரமும் போதும். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் செய்யலாம்.

எண் பணமானபோது

1984இல் அமெரிக்காவின் இரு மறுவாழ்வு மருத்துவ அமைப்புகள் கூட்டிய குழுவிலிருந்து, கார்ல் கிரேஞ்சர், பைரன் ஹாமில்டன் ஆகியோரின் முன்னெடுப்பில், செயல்சார்பின்மை அளவீடு என்னும் எஃப்ஐஎம் உருவானது. 18 வரிகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை, மொத்தம் 18 முதல் 126. பதின்மூன்று வரிகள் உடலியக்கம், ஐந்து வரிகள் பேச்சும் அறிவாற்றலும். பார்தெலில் இல்லாத நினைவாற்றலும் மொழியும் இங்கே இடம்பிடித்தது உண்மையான முன்னேற்றம். பஃபலோ நகரில் அமைந்த தரவு மையம் நாடெங்குமிருந்து எண்களைத் திரட்டியது. பயன்படுத்துவோர் பயிற்சியும் உரிமமும் பெற வேண்டியிருந்தது.

இந்தக் கட்டத்தில்தான் துறைக்குள்ளிருந்தே ஒரு கடுமையான விமர்சனம் எழுந்தது. 1989இல் சார்லஸ் மெர்பிட்ஸ், ஜெரி மாரிஸ், ஜெஃப்ரி கிரிப் மூவரும் எழுதிய கட்டுரை சுட்டியது அடிப்படையான ஒன்றை: இவை வெறும் தரவரிசை எண்கள், இவற்றைக் கூட்டவும் கழிக்கவும் சராசரி எடுக்கவும் நமக்கு உரிமையில்லை. வகுப்பில் முதல் மாணவருக்கும் இரண்டாம் மாணவருக்கும் உள்ள இடைவெளி, இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும் உள்ள இடைவெளிக்குச் சமம் என்று யாரும் சொல்வதில்லை. அப்படியிருக்க, உண்பதில் 2இலிருந்து 3க்கு வந்ததையும் படியேறுவதில் 5இலிருந்து 6க்கு வந்ததையும் ஒரே அளவு முன்னேற்றமாக எண்ணி ஒரு மருத்துவமனையின் தரத்தையே எப்படித் தீர்மானிப்பது?

விடை டென்மார்க்கின் கணிதவியலாளர் கியோர்க் ராஷ் 1960இல் தந்திருந்த மாதிரியில் இருந்தது. கேள்விகளின் கடினத்தையும் மனிதர்களின் திறனையும் ஒரே கோட்டில் வைக்கும் முறை அது. சிகாகோவின் பெஞ்சமின் ரைட்டும் அவருடன் லினாக்கர், ஹைனமன் போன்றோரும் அதை எஃப்ஐஎம் தரவின்மீது செலுத்தியபோது இரண்டு செய்திகள் வெளிவந்தன. உண்ணுதல் எளிய முனையிலும் படியேறுதல் கடின முனையிலும் அமைந்தன. காட்ஸ் கண்ணால் கண்ட வரிசைக்குக் கணிதம் ஓரளவு சாட்சி சொன்னது. இரண்டாவது, உடலியக்க வரிகளும் அறிவாற்றல் வரிகளும் வேறு வேறு கோடுகள். 126 என்ற ஒற்றைக் கூட்டுத்தொகை இரண்டையும் குழப்புகிறது. இந்த முடிவு வந்த பிறகும் பல கோப்புகளில் கூட்டுத்தொகையே எழுதப்பட்டு வருவது வசதியின் வெற்றி.

2002 ஜனவரியில் அமெரிக்காவின் அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் திட்டம் மறுவாழ்வு மருத்துவமனைகளுக்குக் கொடுக்கும் தொகையை நோயாளிக் குழுக்களின் அடிப்படையில் நிர்ணயித்தது. குழுவைத் தீர்மானிக்கும் காரணிகளில் எஃப்ஐஎம் எண்ணும் ஒன்று. அன்றுமுதல் சேர்க்கை நாளில் போடப்படும் மதிப்பெண்ணின்மேல் பணத்தின் நிழலும் விழுந்தது. நிலைமை மோசமாக இருக்கும் நோயாளிக்குத் தொகை அதிகம் என்றால், முதல்நாள் தாழ்த்தி மதிப்பிட ஒரு சாய்வு தானே உண்டாகும். யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. 2019 அக்டோபரில் மெடிகேர் எஃப்ஐஎம்மைக் கைவிட்டு, மற்றப் பராமரிப்பு இடங்களுக்கும் பொதுவான ஆறு நிலை அளவுகோலுக்கு மாறியது. பதினேழு ஆண்டுகள் திரண்ட எண்களைப் புதிய எண்களோடு நேரடியாக ஒப்பிட முடியாத நிலை அதன் விலை.

செய்ய முடிவதும் செய்வதும்

உலக சுகாதார நிறுவனம் 1980இல் நோயின் விளைவுகளை வகைப்படுத்தியதும், 2001இல் அதைத் திருத்தி ஐசிஎஃப் என்னும் வகைப்பாட்டை ஏற்றதும் துறையின் மொழியை மாற்றின. ஐசிஎஃப் கொடுத்த பிரிவினைகளில் மிகப் பயனுள்ளது, ஒருவரால் சோதனை அறையில் செய்ய முடிவதற்கும் தன் சூழலில் அவர் உண்மையில் செய்வதற்கும் இடையே போட்ட கோடு. பக்கவாத நோயாளிகள் சிகிச்சை அறையில் தூக்கிக் காட்டும் கையை வீட்டில் பயன்படுத்தாமலே விட்டுவிடுவதை எட்வர்ட் டாப் ஏற்கனவே ஆராய்ந்திருந்தார். இப்போது மணிக்கட்டில் கட்டும் அசைவு உணரிகள் இந்த இடைவெளியை நாள் முழுதும் பதிவு செய்கின்றன. கனடாவில் 1990 வாக்கில் உருவான தொழில்வழி அளவீடு இன்னும் ஒருபடி மேலே போய், எந்தச் செயல் முக்கியம் என்பதை நோயாளியையே சொல்லச் சொல்லி, அதற்கு அவரையே மதிப்பெண் போடச் சொன்னது. கேள்வி கேட்பவரின் இடத்தில் நோயாளி அமர்ந்தார்.

தரை

இத்தனை கருவிகளிலும் பெரும்பாலானவை நாற்காலியிலும் கட்டிலிலும் வாழ்கிறவர்களைப் பார்த்து எழுதப்பட்டவை. தரையிலிருந்து எழுவது பார்தெலில் இல்லை, எஃப்ஐஎம்மில் இல்லை. குந்தி உட்காரும் கழிப்பறையும் சம்மணமிட்டு உண்பதும் இல்லை. கனடாவின் மல்ஹாலண்டும் விஸ்ஸும் 2001இல் எழுதிய ஆய்வுரை, குந்துவதற்கும் மண்டியிடுவதற்கும் சம்மணத்துக்கும் முழங்கால் 111 முதல் 165 டிகிரி வரை மடங்க வேண்டியிருக்கிறது என்று காட்டியது. நாற்காலி வாழ்க்கைக்கு 110 டிகிரி ஏறத்தாழப் போதும். அந்த 110ஐ எட்டிய தஞ்சாவூர்ப் பாட்டி மருத்துவமனைக் கணக்கில் தேறியவர்; வீட்டில் கொல்லைப்புறக் கழிப்பறையில் உட்கார்ந்து எழ முடியாதவர்.

நம் நாட்டில் இதை யாரும் யோசிக்கவே இல்லை என்று சொல்வது தவறு. விபத்தில் 1954இல் தண்டுவடம் அடிபட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்த மருத்துவர் மேரி வர்கீஸ் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவர் ஹோவர்ட் ரஸ்கிடம் பயின்று திரும்பி, வேலூரில் 1966இல் திறக்கப்பட்ட மறுவாழ்வு மையத்தை முன்னின்று நடத்தினார். நோயாளிகள் திரும்பிப் போகவிருந்த வீடு எது என்பதை அறிந்த தலைமுறை அது. அரசின் ஆவணத்திலும் ஒரு சான்று இருக்கிறது. ஊனத்தின் சதவீதத்தை மதிப்பிட இந்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளில், காலின் நிலைத்தன்மையைச் சோதிக்க ஒன்பது செயல்கள், ஒவ்வொன்றுக்கும் 10 சதவீதம் என்று வகுத்திருக்கிறார்கள்: சமதளத்தில் நடப்பது, சரிவில் நடப்பது, படியேறுவது, இரு காலில் நிற்பது, பாதிக்கப்பட்ட காலில் நிற்பது, தரையில் குந்துவது, சம்மணமிடுவது, மண்டியிடுவது, திரும்புவது. 40 சதவீதம் எட்டினால்தான் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் இட ஒதுக்கீடு போன்ற பல சலுகைகளுக்குத் தகுதி கிடைக்கும்.

ஆக, சான்றிதழ் கொடுக்கும்போது குந்த முடிகிறதா என்று கேட்கிற நாம், சிகிச்சை முடித்து வீட்டுக்கு அனுப்பும்போது மேரிலண்டில் எழுதிய பத்து வரிகளை மட்டும் நிரப்புகிறோம். மறுவாழ்வுத் துறைகள் பார்தெலைக் கைவிட வேண்டியதில்லை. உலக ஆய்வுகளோடு ஒப்பிட அது வேண்டும். அதன் கீழே தரையிலிருந்து எழுதல், குந்துதல், சம்மணம் ஆகிய மூன்று வரிகளைத் தனியாக, கூட்டுத்தொகையில் சேர்க்காமல், வெளியனுப்பும் படிவத்தில் அச்சிட வேண்டும். தமிழ்நாட்டின் இயன்முறை மருத்துவக் கல்லூரிகள் அந்த மூன்று வரிகளின் நம்பகத்தன்மையைச் சோதிக்கும் ஆய்வை முதுநிலை மாணவர்களிடம் கொடுக்கலாம். அதற்குத் தேவைப்படுவது ஒரு பாயும் ஒரு நிறுத்துக் கடிகாரமும்தான்.